பதினொன்றரைக்கு ஒரு வட்டம்

செப்டம்பர் 12, வெள்ளி

இந்த நோட்டு ஃபிலிப்பா கொடுத்தது. நான் வேலை பார்க்கும் சர்ஃபிங் விடுதி அவளுடையது. பாடம் எடுப்பவர்கள் தினமும் எழுத வேண்டுமாம்: எத்தனை பேர் வந்தார்கள், அலை எப்படி, யார் போர்டில் எழுந்து நின்றார்கள், யார் விழுந்தார்கள். எந்த மொழியில் என்று கேட்டேன். உனக்கு வந்த மொழியில் எழுது, யாரும் படிக்கப் போவதில்லை என்று சிரித்தாள். அப்படியென்றால் கோவளத்து கௌதமி தன் இஷ்டத்துக்கு எழுதுவாள்.

மார்ச்சில் போர்ச்சுகலுக்கு வந்தபோது எனக்கு அறை கூட்டும் வேலைதான். படுக்கை விரிப்பு, கழிப்பறை, காலையில் நாற்பது முட்டை. ஏழு மணியிலிருந்து எட்டு வரை மட்டும் கடல் என்னுடையது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற பத்து மணி நேரத்தையும் செய்கிறேன். ஊரில் நல்ல அலைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நாலு பேர் வந்து, பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கூத்து என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். இங்கே அலைக்குப் பஞ்சமில்லை, கேட்கவும் ஆளில்லை.

பாடம் எடுத்துக்கொண்டிருந்த ருய் வேறு வேலை கிடைத்துப் போன வாரம் கிளம்பிவிட்டான். மாதக் கடைசி வரை என்னைப் பார்ப்பாளாம் ஃபிலிப்பா. சரியாக வந்தால் வருஷம் முழுக்க ஒப்பந்தம், அதைக் காட்டிக் குடியிருப்பு அட்டை. வராவிட்டால் அக்டோபரில் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இன்று ஏழு பேர். மூன்று பேர் நின்றார்கள்.

செப்டம்பர் 17, புதன்

வெட்சூட் என்கிற ரப்பர் உடை முப்பதையும் தொட்டியில் அலசிக் காயப்போட்டேன். ஒரு போர்டின் விரிசலுக்குப் பிசின் தடவினேன்.

இந்த ஊரில் தமிழ் பேச எனக்கு இருக்கும் ஒரே ஆள் குகதாசன் அண்ணன். வல்வெட்டித்துறைக்காரர், விடுதி வேனை ஓட்டுகிறவர். காலை எட்டு மணிக்கு ரொட்டியோடு வருவார். கூடையை இறக்கிய கையோடு முற்றத்துச் சுவரில் இருக்கும் கரும்பலகைக்குப் போய், வலது மூலையில் அன்றைய கடல் எப்போது வற்றும், எப்போது பெருகும் என்று இரண்டு நேரங்களை எழுதுவார். அதன் கீழே இன்னொரு நேரம், அதற்கு ஒரு வட்டம். எங்கள் கடற்கரையின் வடக்கு ஓரத்தில் மூக்கு மாதிரி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கும்போது அதைச் சுற்றி நடந்தால் அந்தப் பக்கம் ஒரு சின்னக் குடா. வட்டம் போட்ட நேரத்துக்குள் குடாவிலிருந்து திரும்பிவிட வேண்டும். அப்புறம் மூக்கு தண்ணீருக்குள் போய்விடும், குடாவுக்குப் பின்னால் செங்குத்தான மலை.

கேஸ் சிலிண்டர் நம்பர் மாதிரி தினமும் என்னத்தை எழுதுகிறீர்கள் என்று கிண்டல் செய்தேன். அவர் அதை வற்றுப்பெருக்கு என்பார்.

"எங்க ஊர்ல இதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கண்ணே. ஏறினா முழங்கால் மட்டும் ஏறும், அப்புறம் எறங்கிடும்."

"உங்கட கடலுக்கு அது காணும் பிள்ளை. இது ரெண்டாள் உயரத்துக்கு ஏறும்."

தெரியாமல் இல்லை, ஆறு மாதமாகப் பார்க்கிறேன். ஆனாலும் காற்றைப் பார், நீரோட்டத்தைப் பார், தண்ணீரின் நிறத்தைப் பார் என்றுதான் அப்பா சொல்லித் தந்தார். மணியைப் பார்த்துக் கடலில் இறங்கு என்று எந்தக் கோவளத்தானும் சொன்னதில்லை.

நவம்பரில் அவருடைய அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அது கிடைத்தால் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஐந்து வருஷமாகப் பார்க்கவில்லையாம். காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வேனிலேயே வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். இன்று மாளய அமாவாசை, ரெண்டு நாளைக்குக் கடல் கோபமாக இருக்கும், தள்ளியே இரு என்றாள். இங்கே தள்ளி இருந்தால் சோறு கிடைக்காது என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

புதிதாக ஐந்து பேர். அதில் ஹன்னெகெ என்று ஒரு ஹாலந்து அம்மாள், ஐம்பத்து நான்கு வயது, தபால் கொடுக்கும் வேலை. முப்பது வருஷமாக சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டே கடலைப் பற்றி யோசித்தாளாம். இருபத்து மூன்று முறை விழுந்தாள், எண்ணிக்கொண்டே விழுந்தாள். அவளை நிற்க வைக்காமல் அனுப்பப் போவதில்லை.

பெரிய கடற்கரையில் மற்ற விடுதிக்காரர்களின் கூட்டம் தாங்கவில்லை. நாளைக்குக் குடாவுக்குக் கூட்டிப் போகலாம். அங்கே அலை ஒழுங்காக உடையும். போகுமுன் அலை எங்கே உடைகிறது, எங்கே திரும்ப வேண்டும் என்று படம் போட்டுக் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

எழுத முடியவில்லை. ஹன்னெகெ கண் திறக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

நடந்ததை எழுது என்கிறாள் ஃபிலிப்பா. எழுதுகிறேன்.

பத்தேகாலுக்கு ஐந்து பேரோடு மூக்கைச் சுற்றிக் குடாவுக்குப் போனேன். மணல் காய்ந்து கிடந்தது. அலை நன்றாக இருந்தது. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பார்த்தபோது மூக்கில் வெள்ளையாக நுரை. நான்கு பேரை மலையடியில் ஒரு திட்டில் ஏற்றினேன். ஹன்னெகெ அதற்குள் தானாகவே மூக்கைத் தாண்டப் பார்த்திருக்கிறாள். ஒரு அலை அவளைத் தூக்கிப் பாறையில் அடித்தது. நான் போர்டோடு போய் அவளைப் பிடித்தேன். போர்டில் கிடத்தி, பாறையில் மோதாமல் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு, மீட்புப் படகு வரும்வரை நாற்பது நிமிடம். காதிலிருந்து ரத்தம் வந்தது. தண்ணீர் கழுவக் கழுவ வந்தது.

கரும்பலகையில் நேரம் எதுவும் எழுதியிருக்கவில்லை. மூலை காலியாக இருந்தது. அதனால்தான் முழுப் பலகையிலும் படம் வரைந்தேன்.

துணி துவைத்தேன். நீல ஸ்வெட்டரின் கைப்பக்கத்தில் சாக்பீஸ் தூள் ஏறியிருக்கிறது. இரண்டு தரம் துவைத்தும் கண்ணுக்குத் தெரிகிறது. சாக்பீஸ் தூள் ஒரு உதறலில் போகிற சமாசாரம்.

செப்டம்பர் 26, வெள்ளி

கடல் காவல் அதிகாரி ஒருவர் வந்து குடாவை அளந்து, படம் எடுத்துப் போனார். பெயர் பட்டிஷ்டா. சத்தம் போடாத மனிதர்.

நேரத்தை எழுதினேன் என்று குகதாசன் அண்ணன் சொன்னார். பலகையில் என் அலைப் படம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு வேன் டயர் பஞ்சர், அவர் அரை மணி தாமதமாக வந்தார், அவசர அவசரமாகக் கூடைகளை இறக்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் மறந்திருப்பீர்கள் என்றாள் ஃபிலிப்பா. அவர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம். நாற்பது நிமிடம் உயிரைத் தாங்கிய இந்தியப் பெண் என்று போட்டிருக்கிறார்களாம். ரொட்டிக் கடைக்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

செப்டம்பர் 29, திங்கள்

ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. ஒரு வருஷம். ஃபிலிப்பா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். இதே மேசையில் காலையில் குகதாசன் அண்ணனின் கணக்கை முடித்திருக்கிறாள். அவர் வேன் சாவியை வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் அப்போது மாடியில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்திருக்கலாம். நிறைய விரிப்பு இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். பத்திரிகைப் படத்தைத் தெருவே பார்த்தாயிற்று என்றாள். அப்பா பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

ஹன்னெகெ கண் திறந்துவிட்டாள். கும்பிட்ட சாமியெல்லாம் காப்பாற்றிவிட்டது. மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் தலையை மழித்திருந்தார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அன்றைய காலை எதுவும் அவளுக்கு நினைவில்லையாம். விடுதியில் காபி குடித்தது, முற்றம், பலகை எதுவுமே. பேருந்தில் திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. அவள் பிழைத்ததால்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கினேன். தோள் உயரத்துக்குச் சுத்தமான அலை, கடலில் நான் ஒருத்திதான். இப்படி ஒரு காலைக்காகத்தான் கடல் கடந்து வந்தேன். ஒன்றில்கூட எழுந்து நிற்கவில்லை. வருகிற ஒவ்வொன்றையும் அடியில் போக விட்டுவிட்டு, போர்டில் உட்கார்ந்து மூக்குப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கடையில் குகதாசன் அண்ணனைப் பார்த்தேன். ராஸ்பெரித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறாராம். ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் அட்டை இல்லை. விரலெல்லாம் கீறல்.

என்மேல் கோபமாக இருப்பார், நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நீ அண்டைக்கு வரேக்க பலகை வெறுமையாத்தானே இருந்தது?"

ஆமாம் என்றேன்.

"நான் எழுதினனான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு. சாக்குக்கட்டியைக் கையில எடுத்தது நினைவிருக்கு. ஆனா அது முதல் நாளோ தெரியேல்ல. ஒரு மனிசியைக் கொல்லப் பாத்திட்டன், என்ன?"

பால் வாங்கப் போனவள் வாங்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

பட்டிஷ்டா மறுபடி வந்தார். செவ்வாய்க்கிழமை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். தான் மறந்துவிட்டதாக எழுதிக் கொடுக்கக் குகதாசன் ஒப்புக்கொண்டார் என்றார். கையெழுத்துப் போட்டால் வழக்கு அவர்மேல் போகும். வழக்கு உள்ளவருக்கு அட்டையைப் புதுப்பிப்பார்களா என்று கேட்டேன். அது தன் துறை இல்லை என்றார்.

கிளம்பும்போது பாடக் குறிப்பு நோட்டு உண்டா என்று கேட்டார். ஃபிலிப்பா உடனே என்னைக் கைகாட்டினாள். அது தமிழில் இருக்கிறது என்றேன். லிஸ்பனிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வர மூன்று வாரம் ஆகுமாம். அதற்கு முன் அதில் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்தால் போதும், குகதாசன் படித்து ஆங்கிலத்தில் சொல்லட்டும், நீயும் கூடவே இருப்பதால் அவர் மாற்றிச் சொன்னால் திருத்திவிடலாம் என்றார். பக்கங்களை எண்ணி, பின்னட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இனி ஒரு தாளையும் கிழிக்க முடியாது.

கிழிக்க என்ன இருக்கிறது? பலகை காலியாக இருந்தது என்று நானே எழுதியிருக்கிறேன். இந்த நோட்டு எனக்குத்தான் சாட்சி.

அக்டோபர் 13, திங்கள்

அண்ணே, இந்தப் பக்கத்தை நாளைக்கு நீங்கள்தான் படிப்பீர்கள். மற்ற பக்கங்களில் உள்ளதைப் படித்துவிட்டு, நாம்தான் மறந்துவிட்டோம் என்று நீங்கள் இன்னும் உறுதியாக நம்பிவிடுவீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் பாருங்கள், அவ்வளவு பெரிய மனசு எனக்கு.

நீங்கள் எழுதியிருந்தீர்கள். வற்று 9.40, பெருக்கு 3.50. அதன் கீழே 11.30, அதற்கு வட்டம். பஞ்சர் ஆன எரிச்சலிலோ என்னவோ வட்டத்தை இரண்டு தரம் போட்டிருந்தீர்கள். நான் படம் வரைய இடம் போதவில்லை. நீல ஸ்வெட்டர்க் கையால் மூலையோடு சேர்த்து முழுவதையும் அழித்தேன். அழிக்கும்போதே 11.30 என்று படித்தேன். ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொய், அப்படிக்கூட நினைக்கவில்லை. தண்ணீர் ஏறினால் எவ்வளவு ஏறப்போகிறது என்று நினைத்தேன்.

இன்னொன்று. பதினொன்றரை ஆனபோது என் கையில் கடிகாரம் இருந்தது. ஐந்து பேரையும் கரையோர நுரையில் பழகவிட்டு நான் வெளியே பெரிய அலைக்குப் போயிருந்தேன். ஆறு மாதத்தில் அப்படி ஓர் அலை கிடைத்ததில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அரை மணி போய்விட்டது. ஹன்னெகெ என்னைத் தேடித்தான் மூக்குப் பக்கம் நடந்தாள் என்று நினைக்கிறேன். நாற்பது நிமிடம் அவளைத் தாங்கியது நிஜம். தாங்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்ததும் நான்தான்.

வாயால் சொல்லத் தைரியம் இருந்திருந்தால் கடையிலேயே சொல்லியிருப்பேன். நாளைக்கும் அந்தத் தைரியம் வராது. அதனால் எழுதிவிட்டேன். மாற்றாமல் படியுங்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஃபிலிப்பா, எதிரே பட்டிஷ்டா. குகதாசன் அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் பேனாவோடு தயாராக இருந்தது. நோட்டைக் கொடுக்கும்போது அது கீழே விழுந்தது. அவர்தான் எடுத்துத் தூசி தட்டினார்.

முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு வரி படிப்பார், ஆங்கிலத்தில் சொல்வார். கேஸ் சிலிண்டர் நம்பர் வந்தபோது லேசாகச் சிரித்தார். பிளாஸ்டிக் உறை வந்தபோது ஒரு வரியை விட்டுவிட்டுத் தாண்டினார். நான் திருத்தவில்லை. இருபத்து நான்காம் தேதியைப் படித்து, மூலை காலியாக இருந்தது என்று அவரே வாயால் சொன்னார். பட்டிஷ்டா தலையாட்டி எழுதிக்கொண்டார். ஃபிலிப்பா போதும் என்றாள். இன்னும் இருக்கிறது, கடைசிவரை படிக்கட்டும் என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

கடைசிப் பக்கத்தில் அண்ணே என்ற சொல்லைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு மனதுக்குள் படித்தார். அவர் கண் வரி வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டிஷ்டா இரண்டு தரம் என்ன என்று கேட்டார். அவர் நிமிர்ந்து, ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல், ரொட்டிக்கடை ரசீது படிக்கிற குரலில் சொல்லி முடித்தார். ஃபிலிப்பா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகுதான் அவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"அப்ப நான் எழுதித்தான் இருந்தனான்?"

"எழுதியிருந்தீங்கண்ணே."

"ஒன்பது நாப்பது?"

"ஒன்பது நாப்பது. வட்டம் ரெண்டு தரம்."

அவர் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு பெரிய மூச்சு வந்தது, தண்ணீருக்குள் நீண்ட நேரம் அழுந்திக் கிடந்தவர் மேலே வந்து விடுகிற மூச்சு. என்மேல் கோபப்படக்கூட அவருக்கு அப்போது நேரமில்லை. கையெழுத்துப் போட வைத்திருந்த தாளை பட்டிஷ்டா மேசையிலிருந்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். எனக்கு வேறு தாள் வந்தது. போட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மொழிபெயர்ப்புக்காக மறுநாள் பட்டிஷ்டா எடுத்துப் போன நோட்டு திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷம் எனக்குப் பாடம் எடுக்கத் தடை. ஒப்பந்தத்தை ஃபிலிப்பா என் கண்ணெதிரே கிழித்தாள். ஹன்னெகெவுக்கு நானே கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. குடியிருப்பு அட்டை எனக்கு இனி எப்போது என்று தெரியாது. இப்போது ராஸ்பெரித் தோட்டத்தில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பழம் பறிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடல். அம்மாவிடம் வேலை மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். அங்கே தண்ணீர் நிஜமாகவே அவ்வளவு ஏறுமா என்று மட்டும் கேட்டார்.

என் வெட்சூட் விடுதியிலேயே கிடந்தது. இன்று காலை எடுக்கப் போனேன். குகதாசன் அண்ணனை நான் கையெழுத்துப் போட்ட மறுநாளே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள், அட்டையும் புதுப்பித்தாயிற்று என்று ரொட்டிக் கடைக்காரி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவளும் இப்போது என்னைக் கட்டிப்பிடிப்பதில்லை. எட்டு மணிக்கு வேன் வந்தது. அவர் கூடையை இறக்கினார். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பலகைக்குப் போய் வலது மூலையில் எழுதினார். வற்று, பெருக்கு, கீழே ஒரு நேரம், அதற்கு வட்டம். பின்பு நகராமல் அங்கேயே நின்று, கைபேசியை எடுத்து, பலகையைப் படம் பிடித்தார். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு தரமும் பிடித்தார்.

முன்பு அவர் அப்படிச் செய்ததில்லை.